பதினோரு மணி மவுஸ்

லேப்டாப் விழித்துக்கொண்டது, மவுஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை.

திருமூர்த்தி அதை மேசைமேல் இடமும் வலமுமாகத் தேய்த்துப் பார்த்தான். திரையில் அம்புக்குறி அசைவேனா என்றது. பின்பக்கம் ஒயரைத் தொட்டுப் பார்த்தான். கச்சிதமாகத்தான் சொருகியிருந்தது. போத்தனூரில் இருக்கும் இந்த வீட்டுக்கு இதே கோளாறுக்காக அவன் வருவது இது நாலாவது தடவை.

“நானொண்ணும் பண்ணலீங்க தம்பி,” என்றார் ராமுலு. “பதினோரு மணிக்குக் குளிக்கப் போனேனுங்க. வந்து பார்த்தா ஸ்கிரீன் இருட்டு. பட்டனைத் தட்டினா வெளிச்சம் வருது, மவுஸ் வரமாட்டேங்குது.”

ராமுலு நூல் மில் முதலாளி. லேப்டாப், மகன் வம்சி அமெரிக்காவிலிருந்து லினக்ஸ் போட்டு அனுப்பியது. தொண்ணூற்றொன்பதில் கோயமுத்தூரில் லினக்ஸ் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் தான்தான் என்று திருமூர்த்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மில்லில் இருக்கும் பதினெட்டு கம்ப்யூட்டர்களையும் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனுக்கே தருவதாகப் பேச்சு. அதை நம்பித்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு, காந்திபுரத்தில் கடை போட்டிருந்தான். “மொதல்ல இது ஒண்ணை நல்லாப் பண்ணிக் குடுங்க, அப்பறம் பார்க்கலாங்க,” என்று போன தடவை ராமுலு சொல்லியிருந்தார். கொங்கு நாட்டில் இதைவிடக் கடுமையாக யாரும் மிரட்ட மாட்டார்கள்.

லேப்டாப்பை முதன்முதலில் மாட்டிக் கொடுத்தபோதே அவன் வீட்டில் எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஓடும்போது மூடக் கூடாது, பக்கத்தில் தண்ணீர் வைக்கக் கூடாது, மவுஸ் ஒயரைக் கழற்றிச் சொருகினால் மெஷினை அணைத்துப் போடும்வரை மவுஸ் வராது. ராமுலுவின் மனைவி ரங்கநாயகிதான் பக்கத்தில் நின்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். ராமுலு அப்போதே மவுஸைப் பிடித்துத் திரையில் படம் வரைய ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் கோளாறு தொடங்கியது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மெஷின் தூங்கும்போது மவுஸும் சேர்ந்து தூங்கிவிடுகிறது என்று முடிவு கட்டி, திருமூர்த்தி அந்த ஏற்பாட்டையே நிறுத்தினான். மெஷின் தோசைக்கல்லாகச் சூடானது. கரண்ட் போன அரைமணியில் பேட்டரி படுத்தது. ரெண்டு நாள் கழித்துப் பதினோரு மணிக்கு மவுஸும் படுத்தது.

அடுத்த தடவை மவுஸுக்கான கோப்பில் கை வைத்தான். அம்புக்குறி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மூன்றாம் தடவை லினக்ஸையே அழித்துப் புதிதாகப் போட்டான். மில்லின் புது ஷெட்டுக்காக ராமுலு பத்து நாளாக வரைந்திருந்த படமும் அதோடு போயிற்று.

“பரவால்லீங்க தம்பி, மறுக்கா வரைஞ்சுக்கலாங்க,” என்றார். அதற்குப் பதில் அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்றும் மெஷினை அணைத்துப் போட்டான். மவுஸ் நல்ல பிள்ளையாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான், காரணம்தான் பிடிபடவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“ஏனுங்க தம்பி, சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்,” என்று ரங்கநாயகி வந்து நின்றார். கூடத்தில் ரெண்டு இலை ஏற்கெனவே போட்டிருந்தது.

“பசியில்லீங்கம்மா.”

“அதெப்படிங்க? இந்நேரத்துக்கு ஊட்டுக்கு வந்தவங்களைச் சும்மா அனுப்புவாங்களா?”

மறுபடி வரையக் குனிந்த ராமுலு, மாத்திரை டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, அரைமனதாக எழுந்தார். “வாங்க தம்பி. விருந்தாளியத் தனியா உக்கார வெக்கறது எங்க ஊட்டு வழக்கமில்லீங்க.”

சமையல்கார பங்காரம்மா பரிமாறினாள். ரங்கநாயகி கணவரின் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். திருமூர்த்தி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். வேலை தெரியாதவனுக்கு நாலு தடவை விருந்து. இனியும் இப்படி வந்து உட்கார்ந்தால் தன்னைத் தானே மதிக்க முடியாது என்று தோன்றியது.

கொல்லைப்புறம் கை கழுவும்போது பங்காரம்மாவிடமே முதலில் சொல்லிப் பார்த்தான்.

“அய்யாகிட்ட உண்மையைச் சொல்லிப்போடறேனுங்க. இந்தப் பொட்டி எனக்குப் பிடிபடலை. பெங்களூர்ல இருந்து ஆளைக் கூப்பிட்டுக்கட்டும். மில் வேலையும் எனக்கு வேண்டாங்க.”

பங்காரம்மா செம்பைக் கீழே வைத்தாள். கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்படிச் சொல்லிப்போடாதீங்க தம்பி. ஆராச்சும் விருந்தாளி வந்தாத்தான் அய்யா இலையில உக்காருவாரு, இல்லீனா சக்கரை மாத்திரைய வெறும் வயித்துல போட்டுக்கிட்டு வரையற எடத்துலயே மயங்கி உழுந்துபோடறாரு. அதுக்குத்தானுங்க, அவரு குளிக்கப் போறப்ப, நீங்க சொல்லிக் குடுத்தபடியே அம்மா அந்த ஒயரைப் புடுங்கிச் சொருகி வெக்கறாங்க.”