நீல ஓநாய்க்குப் பதினான்கு திருத்தங்கள்

படம் வரைகிறவர்கள் ஓர் இனம், பார்க்கிறவர்கள் இன்னோர் இனம் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களானால், இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று நடமாடுவதை நீங்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இவர் வரையமாட்டார். சும்மா பார்க்கவும் மாட்டார். திருத்துவார். திண்டிவனத்தில் இவரைக் கருத்துக்காரர் என்கிறோம். உங்கள் ஊரில் பெயர் வேறாக இருக்கலாம், ஆள் உண்டு.

அடையாளம் காண்பது சுலபம். படத்தைக் கையில் கொடுத்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், துடைத்ததை மாட்டிக்கொள்ளாமல் கை நீளும் மட்டும் படத்தைத் தள்ளிப் பிடிப்பார், தலையை இடது தோளுக்குச் சாய்ப்பார், ஒரு கண்ணை மூடுவார், கட்டைவிரலால் ஒரு மூலையை மறைப்பார், மறைத்தபோதுதான் படம் தேவலையாக இருந்தது என்கிற மாதிரி விரலை எடுத்துவிட்டு ஒரு 'ம்' போடுவார். 'ம்' எவ்வளவு நீளமோ அவ்வளவு திருத்தம் வரும். கடைசியில் வாயைத் திறந்து, "முயற்சி நல்லா இருக்குது" என்பார். வரைந்தவர் கதை அத்தோடு முடிந்தது.

முயற்சியைப் பற்றி யார் கேட்டார்கள்?

எங்கள் கருத்துக்காரர் சக்கரபாணி. வீடு ஓமந்தூரில், வேலை திண்டிவனம் பஸ் நிலையத்தில், டைம் கீப்பர். ஐந்தே முக்கால் பஸ் ஆறரைக்கு வந்தால் நோட்டில் ஆறரை என்று எழுதலாமே தவிர, பஸ்ஸைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. அந்தக் குறையைப் படங்கள்மேல் தீர்த்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், சலூன் சுவர், லாரியின் பின்பலகை, எதுவும் தப்பியதில்லை. நல்ல மனுஷர். அதுதான் சிக்கல். கெட்டவர் சொன்னால் தட்டிவிட்டுப் போகலாம். இவர் உங்கள் முன்னேற்றத்துக்காகச் சொல்கிறார்.

எண்பத்து நாலில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து 'தளிர்முனை' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திவந்தோம். அச்சு கிடையாது. மாதம் ஒரு பிரதி, ஒரே பிரதி. அது வீடு வீடாகச் சுற்றும். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். வாசகர் கருத்துக்கென்று கடைசியில் நாலு வெள்ளைத்தாள் வைத்துத் தைத்திருப்போம்.

அந்த மாதம் சீனுவாசன் ஒரு மாயக்கதை எழுதியிருந்தான்: செஞ்சிக் கோட்டைமேல் உட்கார்ந்து காவல் காக்கிற, சிறகு முளைத்த நீல ஓநாய். அட்டைப்படம் போட்டவள் செண்பகம். மேரி ஸ்கூல் தெருவில் ரவிக்கை தைக்கிறவள். யாரிடமும் வரையக் கற்றதில்லை. போஸ்டர் வெள்ளையில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை குந்திக்கினு ஒவ்வொரு மயிராகப் போட்ட ஓநாய் அது. அவள் தைத்த ரவிக்கைகள் ஊரெல்லாம் நடமாடுகின்றன, எதிலும் அவள் பெயர் இல்லை. இந்த அட்டையின் மூலையில் இருந்தது.

வருகிற ஞாயிறு விழுப்புரம் நூலகத்தில் கையெழுத்துப் பத்திரிகைக் கண்காட்சி. சிறந்த அட்டையை வாசிப்பு அறையில் ஒரு மாதம் மாட்டிவைப்பார்கள். செண்பகம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஞாயிறு என்ன தேதி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்திரிகை கடைசியாகப் போயிருந்தது சக்கரபாணி வீட்டுக்கு. வெள்ளி மாலை செண்பகமும் சீனுவாசனும் நானும் வாங்கிவரப் போனோம்.

சக்கரபாணி பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓநாயின் உடம்பெங்கும் பென்சில் வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எண். ஒன்று முதல் பதினான்கு வரை.

"கருத்து எழுதப் பின்னாடி தாளு இருக்குதேண்ணா" என்றான் சீனுவாசன்.

"அங்க எழுதினா எந்த எடத்தைச் சொல்றேன்னு எப்பிடித் தெரியும்? பொண்ணு பேஜாராயிடும். அதுக்கோசரம்தான் படத்துமேலயே போட்டேன். பாரும்மா, ஒண்ணு: காது பெரிசு. ரெண்டு: மூக்கு நாய் மூக்கு. மூணு: நெகம் நாலா அஞ்சான்னு தெளிவில்ல. நாலு: ரெக்கை பத்தாது. எத்தினி கிலோ இருக்கும் இது?"

"பறக்கிற ஓநாய் எத்தினி கிலோ இருக்கும்னு தெரியலீங்கண்ணா" என்றாள் செண்பகம்.

"தெரிஞ்சிக்கினு இல்ல போடணும்?"

"நீங்க ஓநாய் பாத்திருக்கீங்களாண்ணா?" என்றான் சீனுவாசன்.

"நான் எங்க பாத்தேன். ஆனா இது இல்லன்னு தெரியும்."

"இது கற்பனைங்கண்ணா."

"கற்பனைன்னா கரெக்டா இருக்க வேணாமா?" என்றார் சக்கரபாணி, உண்மையான வருத்தத்தோடு.

ஒன்பதாவது: கண்ணில் கோபம் போதாது. பத்தாவது: கண்ணில் கோபம் அதிகம். பத்தாவதை மறுநாள் காலையில் பார்த்து எழுதியதாக விளக்கம் சொன்னார். பதினான்காவது: வாயை மூடியிருந்தால் மரியாதையாக இருக்கும். நீல நிறத்தைப் பற்றி? ஒன்றும் இல்லை. நீலம் சரியாம்.

உள்ளேயிருந்து அவர் மனைவி அம்சா எட்டிப் பார்த்தார். "வாம்மா, காப்பி குடி. என் கொழம்புக்கும் இப்பிடித்தான். தட்டை வழிச்சித் தின்னுட்டு அப்புறம் நம்பர் போடுவாரு."

"கண்காட்சி ஞாயித்துக்கெழமைங்கண்ணா" என்றாள் செண்பகம்.

"பென்சில்தானே? நீ போய்க் காப்பி குடிச்சிக்கினு இரு. ஜல்தியா அழிச்சித் தர்றேன்."

காப்பி குடித்துத் திரும்பியபோது சொன்னபடியே அழித்துவைத்திருந்தார். பென்சிலும் போயிருந்தது, ஓநாயும் போயிருந்தது. ரப்பர் தேய்த்த பதினான்கு இடங்களிலும் நீலம் உரிந்து, வெறும் அட்டை தெரிந்தது. சொறி பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது கோட்டைக் காவல்.

சக்கரபாணி படத்தைத் தள்ளிப் பிடித்துத் தலையைச் சாய்த்தார். "பாத்தியா, கலர் நிக்கல. இதைப் பதினஞ்சாவதா வச்சிக்கோ."

சீனுவாசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். செண்பகம் சக்கரபாணி கையிலிருந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை முழுக்கச் சொட்டு நீலத்தோடு போராடினாள். கை அளவில் கலந்த கலவை மறுபடி வருமா? ஒரு சொட்டு கூடினால் மை, ஒரு சொட்டு குறைந்தால் ஆகாயம். சாயங்காலம் நான் போனபோது தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டியா?"

"சேராத கலரைச் சேர்க்கப் பாத்தா ஒட்டு தெரியுதுண்ணா. கிழிஞ்ச ரவிக்கைக்கு அதே துணி கெடைக்கலன்னா நான் இன்னா பண்ணுவேன்? வேற கலர்ல பூ வச்சித் தைச்சிடுவேன். வேணும்னே வச்ச மாதிரி."

அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பதினான்கு இடத்திலும் மஞ்சள் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஊசித்தையல் மாதிரி மெல்லிய கோடு. நீல உடம்பில் விளக்கேற்றி வைத்ததுபோல ஓநாய் எரிந்தது.

விழுப்புரத்தில் நடுவர் தாண்டவராயன், ஓவிய ஆசிரியர், அந்த அட்டையின் முன்னால் மட்டும் இரண்டு முறை நின்றார். பரிசு அதற்குத்தான் என்று அறிவித்துவிட்டுச் செண்பகத்திடம் வந்தார். "அந்தப் புள்ளிங்கதான்மா உயிரு. ஆனா ஏன் பதினாலோட நிறுத்திட்ட? வால்லயும் ரெண்டு வச்சிருக்கலாம்."

பக்கத்தில் ஒரு சிறு கூட்டம். நடுவில் சக்கரபாணி, லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். "ஒவ்வொரு எடமும் நான் குறிச்சிக் குடுத்தது. கேட்டுப் பாருங்க அந்தப் பொண்ண."

கூட்டம் செண்பகத்தைப் பார்த்தது. அவள், அட்டையோடு சுவரில் ஏறிக்கொண்டிருந்த தன் பெயரைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆமாங்க. எடம் அண்ணன் குறிச்சதுதான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, கை நீளும் மட்டும் பின்னால் போய்ப் பார்த்தார். "மஞ்சள் மட்டும் கொஞ்சம் தூக்கலு."

நாங்கள் சிரித்தோம். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரிப்பது நல்லது, இந்த இனத்துக்கு மருந்து அது ஒன்றுதான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர், தான் செய்த ஏதோ ஒன்றை, ஒரு கோலமோ சட்டையோ சுண்டைவற்றல் குழம்போ, உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் அல்லவா? அப்போது நீங்கள் சொன்ன முதல் வாக்கியத்தை, அந்த 'நல்லா இருக்குது'வை, நான் கேட்கவில்லை. அது எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது வாக்கியம் என்ன?