மூணுல ஒண்ணு ஓடல

என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் நாலும் இந்த நிமிஷமே தெறித்து விழட்டும். விழவில்லை, பார்த்தீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

லப்பைக்குடிக்காடு நஜீமுதீன் இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் கார் ஓட்டியவர். அவர் ஹாரன் அடித்தால் ஒட்டகமே ஒதுங்கி நின்று சலாம் சொல்லுமாம். ஊரில் அவருக்கென்று ஒரு வெள்ளைக் கார். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும் காலத்து வண்டி. அவருக்கு நெஞ்சுவலி வந்த பிறகுதான் அதற்கும் வியாதி வந்தது.

பெரம்பலூர் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், இதயத்துக்கு மூணு குழாய். அதுல ஒண்ணு சரியா ஓடல. திங்கக்கிழமை வந்து படுங்க, உள்ள டியூப் விட்டுப் பாத்துடலாம். தள்ளிப்போட்டா உசுருக்கு நான் பொறுப்பில்ல."

நஜீமுதீன் அங்கேயே முடிவெடுத்துவிட்டார். படுப்பதில்லை. போன வருஷம் அவர் அண்ணன் இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனார். திரும்பும்போது அண்ணன் ஆம்புலன்ஸில் வந்தார், செருப்பு மட்டும் கேரி பையில் வந்தது.

ஆனால் இதை மனைவி ஆயிஷா பீவியிடம் சொல்ல நல்ல இதயம் வேண்டும். அவரிடம் இருப்பதோ பழுது. சரி, வண்டியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அதற்கும் மூணு சிலிண்டர்தான். திங்கட்கிழமை காலை பானெட்டைத் தூக்கி, மூணு பிளக் ஒயரில் ஒன்றை உருவிவிட்டார்.

சாவியைத் திருப்பினதும் வண்டி அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரி மாதிரி உதறியது. அந்த உதறலில் பக்கத்து வீட்டுக் கோழி ஆம்லெட்டாகவே முட்டை போட்டது. பிறகு வண்டி ஒரு இருமல் இருமி நின்றது.

"என்னங்க ஆச்சு?"

"ஐட்லிங் இல்ல புள்ள."

"இப்பத்தானே நாலு இட்லி தின்னீங்க?"

"இட்லி இல்ல, ஐட்லிங்! நின்ன எடத்துல ஓட மாட்டேங்குது. உனக்கு இதெல்லாம் புரியாது."

"அப்ப பஸ்ஸுல போவோம்."

"நெஞ்சு வலிக்காரனப் பஸ்ஸுல தொங்க விடுவியா?"

ஆயிஷா பீவி அவர் விரலைப் பார்த்தாள்.

புதன்கிழமைக்கு நாள் மாற்றினார்கள். புதன்கிழமையும் அதே உதறல். அன்று சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற இருநூறு அடியில் நஜீமுதீன் மூணு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மூணாவது இடம், ஊரில் செத்தவர்களை அடக்குகிற கபர்ஸ்தான் வாசல்.

வியாழக்கிழமை ஆயிஷா பீவி தோற்றுப்போனாள்.

"டாக்டரு கெடக்கட்டும். மொதல்ல வண்டிக்கு வைத்தியம் பாப்போம். பெரம்பலூர் தர்மன் மெக்கானிக்குக்கு போன் போட்டுட்டேன்."

நஜீமுதீனுக்கு அடைபட்ட குழாய்கூடத் திறந்துகொண்டது போல இருந்தது. வழியில் நின்றுவிடக் கூடாதே என்று ஒயரைத் திரும்ப மாட்டினார். வண்டி குதிரையாகப் பறந்தது.

"இப்ப உதறலியே?"

"மெக்கானிக்குன்னதும் பயந்துடுச்சு."

"ஆமா, செலதுக்குப் பயந்தாத்தான் புத்தி வருது. லெஃப்ட்டுல திருப்புங்க."

திருப்பினார். ஆஸ்பத்திரி வாசல். சக்கர நாற்காலியோடு இரண்டு தடியர்கள் நின்றிருந்தார்கள். சட்டையைக் கழற்றி, முதுகில் முடிச்சுப் போடும் பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். ஆயிஷா பீவி சாவியை வாங்கிப் போய், வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தாள். பாவம், சாவியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அது போதாதா? நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் நஜீமுதீன் எடுத்தார் ஓட்டம். அங்கி கொடியாகப் பறக்க, வண்டிக்குள் விழுந்து சாவியைத் திருப்பினார். கர்ர்... கர்ர்... சோக்கை இழுத்தார். கர்ர்... பெட்ரோல் வாடை வந்தது, உயிர் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி பானெட்டைத் தூக்கினார். பிளக் ஒயர் மூணும் அப்படியே இருந்தன. அந்த மூணுக்கும் கரண்ட் கொடுக்கிற, நடுவிலிருக்கும் தடித்த காயில் ஒயரைத்தான் காணோம்.

"என்னங்க, ஐட்லிங் இல்லியா?"

பின்னால் ஆயிஷா பீவி. அந்த ஒயரைத் தஸ்பீஹ் மணிமாலை மாதிரி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு... இதெல்லாம்..."

"நீங்க குவைத்துல ஏசி காரு ஓட்டுனப்ப, இருபத்திரண்டு வருசமா இந்த வண்டிய யாரு ஓட வச்சான்னு நெனச்சீங்க? பிளக் ஒயர உருவுனா உதறும். இத உருவுனா உதறவும் உதறாது. திங்கக்கிழமையே உங்க வெரல்ல கறுப்பப் பாத்துட்டேன்."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டிருந்தா டேங்குல சக்கரையக் கொட்டியிருப்பீங்க." ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது. "உங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனதால மவுத்தாகல. லேட்டா போனதால மவுத்தானாரு. அந்தச் செருப்புப் பைய வாங்குனது இந்தக் கை. இன்னொரு பை வாங்க எனக்கு வேற கை இல்ல."

நஜீமுதீன் பானெட்டை மூடிவிட்டு உள்ளே நடந்தார்.

அடைப்பு நீங்கி, அவர் வீடு திரும்பி மூணு மாசம் ஆகிறது. காயில் ஒயர் ஆயிஷா பீவியின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. இப்போது வண்டி மட்டுமல்ல, நஜீமுதீனும் அவளைக் கேட்டுத்தான் ஸ்டார்ட் ஆகிறார்.

இதை யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். எனக்கு இருப்பது நாலே பல். ஆயிஷா பீவிக்கு எதையும் கழற்றத் தெரியும்.