அவியல் முடிந்தது, அழித்துவிட்டேன்

கூச்சப்படுகிறவர்கள் செய்கிற தப்பு சத்தமில்லாமல் நடக்கும். வெளியே தெரியும்போது மட்டும் இருநூறு பேருக்கு ஒரே சமயத்தில் தெரியும். என் விஷயத்தில் அந்த இருநூறு பேரும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். வயது அறுபத்தாறு. ஜெயந்தி என்பவர் கல்யாணம், காதுகுத்துக்கு எல்லாம் சமையல் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறார். அவரிடம் காய் நறுக்கும் பகுதிக்கு நான் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் போகிற பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் மூன்று பெண்களும் நறுக்கி, துருவி, அரைத்து, டப்பா டப்பாவாக ஆட்டோவில் ஏற்றிவிடுவோம். எந்த மண்டபமோ அங்கே சமையல் மாஸ்டர் அடுப்பு மூட்டிக் காத்திருப்பார். நல்ல மனுஷர். ஆனால் மைக் முழுங்கினவர் மாதிரி பேசுவார்.

என் குரல் போனுக்குள் போகும்போதே பாதி கரைந்துவிடும். "யாரு? சத்தமா பேசுங்க" என்று அவர் கத்துவார். நான் வைத்துவிடுவேன். (அவர் திரும்பக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவளிடம் போனைக் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விடுவேன்.)

அந்த வாடகை வீடு முன்பு ட்யூஷன் சென்டராக இருந்தது. சுவரில் ஒரு கரும்பலகை அப்படியே கிடந்தது. அன்றைய மெனுவை அதில் சாக்பீஸால் எழுதிக்கொள்வேன். அவியலுக்கு நறுக்கி முடித்தால் ஈரத்துணியால் அவியலைத் துடைப்பேன். கூட்டு முடிந்தால் கூட்டைத் துடைப்பேன். பலகை கறுப்பாகிவிட்டால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அந்தக் கறுப்பைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. பதினோரு வருஷம் இப்படித்தான் ஓடியது.

காகிதத்தைப் பெரிதாகப் புகழ்வதற்கும் இல்லை. ஒரு தடவை ஒரே நாளில் இரண்டு விசேஷம். இரண்டு மெனு சீட்டையும் ஒரே பையில் மடித்து வைத்து, மாற்றி எடுத்துவிட்டோம். வளைகாப்பு வீட்டுக்குப் பாகற்காய் போனது. திதி வீட்டுக்குப் பொடிப்பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம் போனது. ஜெயந்தி அன்று இரண்டு வீட்டு வாசலிலும் நின்று பேச்சு வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் அவர் மகள் திவ்யா போனில் ஒரு ஆப்பைக் கொண்டு வந்தாள். சென்னையில் கம்பெனி வேலையில் இருந்தவள். பெரிய ஆபீஸ்களில் எல்லாம் காகிதமே கிடையாதாம். ஒரே ஃபைலை ஐம்பது பேர் ஐம்பது இடத்தில் இருந்து பார்ப்பார்களாம்.

"இதோ பாருங்க கமலாம்மா. எல்லார் போன்லயும் ஒரே லிஸ்ட். அம்மா ஒண்ணு மாத்தினாங்கன்னா உங்க போன்ல உடனே மாறிடும். இனிமே யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டாம்."

அவள் அரை மணி நேரம் விளக்கினாள். என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டாம். அறுபத்தாறு வயதில் எனக்கு விடுதலை கிடைத்தது.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: முதலாளி மாற்றினால் என் போனில் மாறும். நான் மாற்றினால் முதலாளி போனில் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி எதுவும் நடந்ததில்லை.

முதல் இரண்டு விசேஷத்துக்குத் திவ்யாவே ஸ்ரீரங்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவதுக்கு வரவில்லை. அதுதான் அந்த நிச்சயதார்த்தம்.

பாலக்கரைப் பக்கம் ஒரு மண்டபம். அதன் மேனேஜர் ஜெயந்தியிடம், "இந்த நிச்சயதார்த்தத்தைச் செஞ்சு காட்டுங்க. நானும் பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுப் பாக்கறேன். நல்லாயிருந்தா எங்க மண்டபத்துக்கு இனிமே நீங்கதான்" என்று சொல்லியிருந்தார். கணவர் போன பிறகு தனியாக இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தின ஜெயந்திக்கு இப்படி ஒரு நிரந்தர மண்டபம்தான் கனவு. முதல் நாள் எங்கள் நால்வருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு மட்டும் பார்த்துக்குங்க கமலாம்மா" என்றார்.

காலை ஆறு மணிக்கு அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். ஏழே முக்காலுக்கு அவியலுக்குக் காய் முடிந்தது. பலகையைத் துடைக்கக் கை போனது. பலகையில் ஒன்றும் எழுதவில்லையே, எல்லாம் போனில் அல்லவா இருக்கிறது. அவியல் என்ற வரியை அழுத்திப் பிடித்தேன். நீலமாக மாறியது. குப்பைத் தொட்டி மாதிரி ஒரு படம் வந்தது. தொட்டேன். அவியல் போய்விட்டது. ஈரத்துணி கூட வேண்டாம். எவ்வளவு சுத்தம் என்று வியந்தேன்.

எட்டு மணிக்குச் சௌசௌ கூட்டு. எட்டேகாலுக்கு பீன்ஸ் பொரியல். பிறகு உருளைக்கிழங்கு வறுவல், வெள்ளரிப் பச்சடி, வாழைப்பூ வடை. ஒவ்வொன்றாக முடித்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்பது மணிக்கு டப்பாக்கள் ஆட்டோவில் ஏறின. சாம்பார் மட்டும் பாக்கி. முருங்கைக்காய் மார்க்கெட்டில் இருந்து வந்து சேரவில்லை. அது வந்து, நறுக்கி, நானே இன்னொரு ஆட்டோவில் எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டும்போது மணி பத்தரை. சாப்பாடு பன்னிரண்டுக்கு. பாலத்தில் நல்ல காற்று. என்னை நானே மெச்சிக்கொண்டு போனேன். (இப்படி மெச்சிக்கொண்டது என் ஆயுளில் மூன்று தடவை. மூன்றும் இப்படித்தான் முடிந்தன.)

மண்டபத்துச் சமையல்கட்டில் மாஸ்டர் பெரிய அண்டாவைத் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். கிளறினார் என்று சொல்வதைவிட உழுதார் என்று சொல்லலாம். துடுப்பை விட்டார், அது நின்றது.

"வாங்க கமலாம்மா. முருங்கைக்காயா? இதுல போடறதுக்கு எங்க இடம் இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். சேனை மிதந்தது. சௌசௌ மிதந்தது. பீன்ஸ், உருளைக்கிழங்கு, அவியலுக்கென்று நான் விரல் நீளத்துக்கு நறுக்கின வாழைக்காய், எல்லாம் மிளகாய்ப்பொடி நிறத்தில் ஒன்றாகக் கிடந்தன.

"இது என்ன மாஸ்டர்?"

"சாம்பார்."

"அவியல்?"

"அதான் வேண்டாம்னுட்டாங்களே. ஏழே முக்காலுக்கு ஒரு டிங். அவியல் போச்சு. எட்டு மணிக்கு ஒரு டிங். கூட்டு போச்சு. அப்புறம் பொரியல், வறுவல். ஒண்ணொண்ணா குறைச்சுக்கிட்டே வராங்க. சம்பந்திங்களுக்குள்ள ஏதோ தகராறு போல, பாவம், நாம போய்க் கேக்கறது நல்லாயிருக்காதுன்னு வாயைத் திறக்கல. காயை வீணாக்கக் கூடாதேன்னு எல்லாத்தையும் சாம்பார்ல போட்டுட்டேன். வடை மாவை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல, மூடி வச்சிருக்கேன்."

ஏழே முக்கால் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

ஜெயந்தி வந்தார், பின்னாலேயே திவ்யாவும். ஜெயந்தி அண்டாவைப் பார்த்தார். அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். காலையில் இருந்து அவர் போனிலும் டிங் அடித்திருக்கிறது; திவ்யா ஏதோ சரிசெய்கிறாள் என்று இருந்துவிட்டார். திவ்யா, அம்மா ஏதோ மாற்றுகிறார் என்று இருந்துவிட்டாள். மாஸ்டருக்குச் சம்பந்தித் தகராறு. மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. சீட்டு காணாமல் போனால் ஊரெல்லாம் தேடுவோம். லிஸ்ட்டில் காணாமல் போனால் யாரோ யோசித்துத்தான் எடுத்திருப்பார்கள் என்று நம்பிவிடுகிறோம்.

"என்ன மாஸ்டர் இது? உங்களை யாரு லிஸ்ட்ல கை வைக்கச் சொன்னது?" என்றார் ஜெயந்தி.

"நான் தொடவே இல்லீங்க."

"நீங்க தொடாம தானா அழியுமா? போனைப் பிடிக்கத் தெரியலன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இன்னைக்குன்னு பார்த்து என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே."

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் முருங்கைக்காய் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். இத்தனை கூத்திலும் இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான்.

"இரும்மா, யார் அழிச்சதுன்னு அதுலயே இருக்கும்" என்று திவ்யா போனைத் தட்டினாள். படிக்க ஆரம்பித்தாள். "ஏழு நாற்பத்தாறு, அவியல், கமலா. எட்டு ரெண்டு, கூட்டு, கமலா. எட்டு பதினாறு..." அதற்கு மேல் படிக்கவில்லை. என் பேர் ரோஸ் கலரில் வரிசையாக இருந்தது. ரேஷன் கார்டுக்கு வெளியே என் பேர் இத்தனை தடவை எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நான்தான்" என்றேன். "நறுக்கி முடிச்சேன், துடைச்சுட்டேன்."

"வலது பக்கம் தள்ளினா முடிஞ்சதுன்னு டிக் போடற கட்டம் இருக்கே கமலாம்மா" என்றாள் திவ்யா, அழுகிற குரலில்.

என் சின்னப் போனில் வலது பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

திவ்யா எதையோ அழுத்தினாள். அழித்ததெல்லாம் அழியாமல் திரும்பி வந்துவிட்டது. அவியல், கூட்டு, பொரியல், ஒரு வரி குறையவில்லை. அந்த வித்தை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அண்டாவில் விழுந்த வாழைக்காய் திரும்பி வரவில்லை.

மணி பதினொன்று. இன்னும் ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தி. ஜெயந்தி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது யாரோ பேசினார்கள்: "ஜல்லிக்கரண்டி இருக்கா? காயை வடிச்சு எடுங்க. தேங்காய் துருவி அனுப்பினது இருக்கு, தயிர் கொஞ்சம், தேங்காயெண்ணெய், கருவேப்பிலை. கதம்பக் கூட்டுன்னு போடலாம். வடை மாவு இருக்கு. வெள்ளரி எங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேசியது நான்தான். மாஸ்டர் கூட, "அட, இவங்களுக்குக் குரல் இருக்கா" என்றார்.

வடித்தோம். தாளித்தோம். வடை சுட்டோம். வெள்ளரிக்காயை மாஸ்டர் தயிர் சாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததால் பச்சடி பிழைத்தது. பன்னிரண்டு பத்துக்கு இலை போட்டார்கள். வடை, பச்சடி, கூட்டு, ஊறுகாய், அப்பளம். இலையின் மேல் பாதி ஏதோ நிரம்பின மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை கூட்டைத் தொட்டு வாயில் வைத்தார். சாதத்தில் சாம்பாரை விட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டார். மறுபடி கூட்டை ருசி பார்த்தார்.

"ஏம்ப்பா, ரெண்டும் ஒரே ருசியா இருக்கே?"

பரிமாறுகிறவர், "கதம்பம்ங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு ஓடிவிட்டார்.

மண்டப மேனேஜர் ஓரத்து இலையில் நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நேராக ஜெயந்தியிடம் வந்தார். "வடை நல்லாயிருந்துச்சும்மா. ஆனா ஒரே சாம்பாரை ரெண்டு தடவை போட்டிருக்கீங்க."

அவர் அதட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். நான் ஜெயந்திக்கு முன்னால் போய் நின்று, "தப்பு என்னுதுங்க. இவங்க மேல ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். மண்டபம் கிடைக்கவில்லை. வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று வரை எங்கள் வண்டி அந்த வாசலுக்குப் போனதில்லை. பெண்ணின் அப்பா மட்டும், நிச்சயம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில், சாம்பாரைப் பற்றி ஒன்றும் கேட்காமல் எங்களுக்கும் தாம்பூலப் பை கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளத்தான் எனக்குக் கை கூசியது.

சாயங்காலம், லிஸ்ட்டுக்கென்று ஜெயந்தி முன்பு வாங்கிக் கொடுத்திருந்த போனைத் துடைத்து அவரிடமே நீட்டினேன். "நாளையில இருந்து வரல."

"நீங்க வரலன்னா நான் காயை யாரை வச்சு நறுக்கறது? இந்தப் போனை வச்சா?" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டு, எங்கள் எல்லார் முன்னாலும், "காலையில பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அந்த லிஸ்ட்டைப் பற்றி இப்போதும் யோசிப்பேன். என்னை இருநூறு பேர் முன்னால் நிறுத்தியது அதுதான். ஆனால் காகிதமாக இருந்திருந்தால் அந்தப் பழி மாஸ்டர் தலையிலேயே நின்றிருக்கும். நானாக வாயைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். திறந்திருப்பேன் என்று சொல்ல ஆசை.

ஆப்பை விட்டுவிடவில்லை. அதற்குப் பிறகு சீட்டு மாறின பேச்சே இல்லை. பாகற்காய் போகிற வீட்டுக்குத்தான் பாகற்காய் போகிறது. திவ்யா டிக் கட்டத்தை இடது பக்கம் கொண்டு வந்துவிட்டாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள்: லிஸ்ட்டில் யார் எதை எடுத்தாலும், போன் பண்ணி வாயால் சொல்லிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். போனே வேண்டாம் என்று அந்த ஆப்பைக் கும்பிட்டவள் நான். இப்போது வாரத்துக்கு நாலு தடவை மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். "மெதுவா பேசுங்க கமலாம்மா, காது வலிக்குது" என்கிறார் அவர்.

என் மகள் மல்லிகாவிடம் இந்தக் கதையைச் சொன்னதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. எங்கள் வீட்டில் மிச்சம் மீதிக் காயெல்லாம் போட்டுச் சாம்பார் வைத்தால் அதற்குப் பேர் லிஸ்ட் சாம்பார். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்தார் என்று நினைத்து அவர் தட்டை எடுக்கப் போனேன். அவர் தட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே என் போனுக்கு அடித்தார். எடுத்தேன்.

"அத்தை, இன்னும் ஒரு வாய் பாக்கி இருக்கு. அழிச்சுடாதீங்க."

"சரிங்க மாப்பிள்ளை" என்று போனிலேயே சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.