பெட்டிக்குள் தாடி முளைத்த கிழங்கு

பொறாமை வந்தால் சிலருக்குத் தூக்கம் போகும். எனக்குப் புத்தி போகும்.

மலாயாவில் அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, பெம்பான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. சாமான் லாரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு இரண்டு சிறு மூட்டை உருளைக்கிழங்கை, துரையிடம் அனுமதி வாங்கி, முன்கூட்டியே இறக்கிவிட்டார்கள்.

"வழக்கம்போல அஞ்சல வீட்டுல வைங்க" என்றார் கோயில் தலைவர்.

அஞ்சலை என் கணவரின் அண்ணன் மனைவி. அவள் சமையலை லயமே புகழும். (என் சமையலை என் கணவர்கூடப் புகழ்ந்ததில்லை.) நாலு பேர் முன்னால் வாயே திறக்காத நான் அன்று திறந்தேன்.

"ஒரு மூட்ட எங்க வீட்டுல இருக்கட்டும்."

"ஒனக்கு ஏண்டி செரமம்?" என்றாள் அஞ்சலை. அவள் அன்பாகக் கேட்டதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அவள் கிழங்கை மண்ணோடு அப்படியே, கட்டிலுக்கடியில் சாக்கு விரித்துப் பரப்பினாள். அடிபட்டதைப் பொறுக்கி அன்றைக்கே குழம்பு வைத்தாள். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினேன். குளிப்பாட்டிய குழந்தைகள் மாதிரி பளபளத்தன. ஈரத்தோடு என் கல்யாணப் பெட்டியில் அடுக்கிப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டேன். (அஞ்சலை வந்து நல்லதை மாற்றிவிட்டால்?)

தகரக் கூரைக்கடியில் பெட்டி புழுங்கியது. சில நாளில் லயம் முழுக்க நாற்றம். "எலி செத்துக் கெடக்கும்லா" என்றார் மாமியார். நானும் எல்லாரோடும் சேர்ந்து மும்முரமாக எலி தேடினேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் வேலிக் காவலர்கள் வந்துவிட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு யாரோ சாப்பாடு பதுக்குகிறார்கள் என்று முதலில் சந்தேகம். நாற்றம் மூக்கில் ஏறியதும் பிணமோ என்று சந்தேகம். "புக்கா! புக்கா!" திறக்கச் சொல்லி மலாய்க்காரக் காவலர் கத்தினார். ஊரே பார்க்கக் கழுத்திலிருந்து சாவியை எடுத்தேன்.

உள்ளே மேலாக வெள்ளைப் பஞ்சு போலப் பூசணம். அடியில் கூழ்.

"ஐயய்யோ, கெழங்குக்குத் தாடி மொளச்சிருக்குலா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அஞ்சலையின் கிழங்கோ கல்லு மாதிரி இருந்தது. மறுநாள் அவள்தான் பரிமாறினாள். "ஆளுக்குப் பாதிதான். மீதி நம்ம தங்கச்சி பொட்டியில பூத்திருக்கு!"

எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இப்போது அஞ்சலை எங்களுக்கு அடுத்த வீடு. என் மருமகள் பசாரில் வாங்கிய கிழங்குப் பையோடு என் வாசலைத் தாண்டி அங்கே போகிறாள். "இங்க வைக்க எடமில்லியா?" என்றால், "நீங்க கழுவிருவீங்க மாமி" என்கிறாள்.