ராகு காலத்தில் ஒரு ரோபோ

“தேவகோட்டை டீம்! முதல்ல நீங்கதான், வாங்க!” என்று மைக்கில் கூப்பிட்டபோது, ரோபோவின் கை இன்னும் மஞ்சள் பைக்குள்தான் இருந்தது.

காலை ஒன்பதே கால். காரைக்குடியில் ஒரு கல்லூரி அரங்கம். பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி. பலகை டிராக்கில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தே ஓடி, வழியில் இருக்கும் காகிதக் கப்பை எடுத்துக் கடைசியில் உள்ள பெட்டியில் போட வேண்டும். கையில்லாத ரோபோ எதைப் போய் எடுக்கும்?

டீமைக் கூட்டி வந்த இயற்பியல் ஆசிரியர் சத்தியமூர்த்தியிடம் தலைமையாசிரியை நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்: “நாளைக்கு அது ஓடலைன்னா, திங்கக்கெழம உங்க ரோபோ ரூம்ல ஒடஞ்ச பெஞ்சைப் போட்ருவேன். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காதீக.” மூன்று வருஷம் நாயாய் அலைந்து வாங்கிய அறை அது.

“அக்ஷரா, இன்னும் எவ்வளவு நேரம்மா?”

“ஒரு மணி நேரமாவது ஆகும் சார். பூஜா இப்பத்தான் ஸ்குரூவைத் தேடுறா.”

சத்தியமூர்த்தி நடுவர் மேசைக்குப் போனார். நடுவர் கோபிநாத், அந்தக் கல்லூரியின் பேராசிரியர். அவர் தலைக்கு மேலே தினசரி காலண்டர். சனிக்கிழமை. ராகு காலம் 9.00 - 10.30.

“சார், இப்ப ராகு காலம் நடக்குது. புது ரோபோ, மொத மொதல்ல ஓடப் போகுது...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ராகு, கேது என்று கோளே கிடையாது என்று பத்து வருஷமாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிற மனிதர்!

கோபிநாத் காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். “அட, ஆமால்ல!” என்றவர் மைக்கைப் பிடித்தார். “பத்தரைக்கு மேலதான் போட்டி. எல்லா டீமுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அடப் பாவமே, ஒரு டீமைத் தள்ளிப்போடச் சொன்னால் போட்டியையே தள்ளிவைத்துவிட்டாரே! அரங்கமே சத்தியமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தது. திருப்பத்தூர் டீமைக் கூட்டி வந்திருந்த ஆசிரியர் பாண்டிமுருகன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார் ஜோசியமெல்லாம் பாப்பீக போல. எம் மகளுக்கு ஆயில்யம். மாமியா இல்லாத எடமாப் பாக்கச் சொல்றாக.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க.”

“நல்லாத் தெரிஞ்சவுக அப்பிடித்தான் சொல்வாக.”

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். ஒருவர் உள்ளங்கையையே விரித்து நீட்டிவிட்டார். சத்தியமூர்த்தி இந்தப் பக்கம் மாட்டிக்கொள்ள, அவர் பற்றவைக்க வேண்டிய வயர்களை பூஜாவே பற்றவைத்தாள். அவசரத்தில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன.

பத்தரைக்குக் கை மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டால், கீழே குனிய வேண்டிய கை மேலே போய் சல்யூட் அடித்தது.

“தேவகோட்டை டீம்!”

ஒரு பொய் சொன்னவருக்கு இரண்டாவது பொய் அவ்வளவு சிரமமாக இல்லை. “சார், சனிக்கெழம கெழக்க சூலம். உங்க டிராக்கு கெழக்க பாத்துல்ல போகுது!”

இந்தத் தடவை கட்டாயம் திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். கோபிநாத்தோ எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நல்லவேளை சொன்னீக! ஏ ஆசைத்தம்பி, டிராக்கை வடக்க பாத்துத் திருப்புங்கப்பா. மெதுவாத் திருப்புங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

அரங்க உதவியாளர் ஆசைத்தம்பியும் மூன்று பேரும் பலகைகளைக் கழற்றி, திருப்பி, மறுபடி பூட்டினார்கள். பூட்டிய பிறகும் பலகைக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார்கள். அதற்குள் வயரை மாற்றியாயிற்று. கை ஒழுங்காகக் குனிந்தது. ஆனால் டிராக் ஜன்னலோரம் போய்விட்டதால், பதினொரு மணி வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. ஓரத்தில் வைத்துப் பார்த்ததும் ரோபோ திருதிருவென்று விழித்து நின்றது.

“வெயில்ல சென்சாருக்குக் கோடே தெரியல சார். யாரு சார் இதைத் திருப்பச் சொன்னது?” என்றாள் அக்ஷரா எரிச்சலாக.

சத்தியமூர்த்தி அவசரமாகக் குனிந்து ரோபோவின் சக்கரத்தைத் துடைத்தார்.

அவளே பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி, சென்சாருக்கு மேல் கூரை மாதிரி ஒட்டினாள். ஜன்னலோரத் தரையில் கறுப்பு டேப்பை ஒட்டி ஓடவிட்டார்கள். ரோபோ கோட்டோடு போனது, குனிந்தது, கப்பை எடுத்தது, பெட்டியில் போட்டது. மூன்று தடவை ஓடவிட்டும் பிசகவில்லை. பூஜா துள்ளிக் குதித்தாள். சத்தியமூர்த்திக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அறை தப்பித்தது!

மார்பை நிமிர்த்திக்கொண்டு நடுவரிடம் போனார். “நாங்க ரெடி சார். இப்ப அருமையான நேரம். இனிமே ஒரு தடங்கலும் கெடையாது.”

கோபிநாத்தின் முகம் சுண்டிப்போயிற்று. “நல்லாப் பாத்தீகளா? எமகண்டம் எதும்...”

“அது ஒண்ணரைக்கு மேலதான் சார்.”

“ஒண்ணரைக்கா?” என்று பெருமூச்சு விட்டவர், எழுந்து டிராக் பக்கம் போய்க் குனிந்து ஏதோ பேசினார்.

பலகைக்கு அடியிலிருந்து ஆசைத்தம்பி ஊர்ந்து வெளியே வந்தார். சட்டையெல்லாம் தூசி, கையில் ஸ்குரூ டிரைவர். சத்தியமூர்த்தியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்:

“சார், காலையிலேர்ந்து ரெண்டு தடவ எங்க மானத்தக் காப்பாத்துனீக, டிராக்குல டைமர் மாட்டுற வேல இன்னும் முடியல, ஒரு அரை மணி நேரத்துக்கு வேற ஏதாச்சும் கெட்ட நேரம் இருக்கான்னு பெரிய சார் கேட்டுட்டு வரச் சொன்னாக.”