மாடி வீட்டுக்காரனும் பல்லக்கின் நாலாவது தோளும்

மதிப்பிற்குரிய வீட்டுக்கார ஐயா அவர்களுக்கு, தங்கள் மாடியில் குடியிருப்பவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவியும் தண்ணீர் மோட்டாரும் நலம். என் காதுகள் மட்டும் நலமில்லை. மகள் ஊருக்கே குடிபோய்விட்ட தாங்களும் மகள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நிற்க. இந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்கிறேன். அச்சகத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் நான். திருவிழா தொடங்கியதிலிருந்து கோயில் ஒலிபெருக்கி என் தலையணைக்குள்ளேயே பாடுகிறது. நேற்று காலை, "சண்டை கிண்டை போட்டுடாதீங்க" என்று மனைவி கத்தக் கத்த, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று லுங்கி பனியனோடு இறங்கினேன். தெருவில் பல்லக்கு நின்றது. விழாவுக்குப் பொறுப்பு நம் தெருமுனைத் தையல்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, தரையிலிருந்து என் தோள்வரை அளந்துவிட்டார்.

"அடடா, அச்சு அசல் அதே உயரம்! வாங்க, வாங்க!"

"ஐயா, நான் வேற மதங்க."

"இருக்கட்டுங்க, உயரம் சரியா இருக்குல்ல?"

விஷயம் இதுதான். பல்லக்கின் நாலு மூலைக்கும் ஒரே உயரத்தில் ஆள் வேண்டுமாம். நாலாவது ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டாராம். அவருக்குப் பதிலாக வந்தவர் குள்ளம் என்பதால் சாமி சாய்ந்தபடியே பவனி வந்துகொண்டிருந்ததாம். நாலு பேர் என்னைத் தூக்கும் காலம் வருவதற்குள், நாலு பேரில் ஒருவனாக நான் தூக்கினேன். தோளில் ஏறினால் கோயில் சேரும்வரை இறக்கக் கூடாதாம். முதல் திருப்பத்தில் செருப்பு போயிற்று. அடுத்த திருப்பத்தில் லுங்கி தளர்ந்தது. இரண்டு கையும் தண்டில். "தையல்காரரே, மானம் போகுது!" என்று அலறினேன். கூட்டம் அதைப் பரவசம் என்று நினைத்துக் கைகூப்பியது. நல்லவேளை, மனுஷன் ஓடிவந்து அந்த டேப்பையே என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

நம் வாசலுக்கு வந்தபோது மனைவி மாடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தொட்டிச் செடியில் இருந்த ஒரே ரோஜாவைப் பறித்துப் போட்டாள். அது சாமிக்குப் போகாமல் என் தலையில் விழுந்தது. எதிர்வீட்டு அம்மா, "இன்னிக்குத்தான் சாமி நிமிர்ந்து வருது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்வதற்கென்ன, நானும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். யார் வீட்டுச் சாமியாக இருந்தாலும் என் தோளில் அல்லவா இருந்தது!

அதற்காகத் தூக்கத்தை விட முடியுமா? தோள் வேறு இட்லி மாதிரி வீங்கியிருக்கிறது. ஆகவே வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும். தங்கள் மகளுக்கு என் ஆசிகள், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
தூக்கமும் செருப்பும் இழந்த
மாடி வீட்டுக்காரன்

பி.கு: காலி செய்யும் விஷயத்தை அடித்துவிடவும். தைலம் கொடுக்க வந்த தையல்காரர் இப்போதுதான் சொன்னார், ஊரைவிட்டுப் போன அந்த நாலாவது ஆள் தாங்கள்தானாம்! வீடு பார்க்க வந்த அன்று என் சம்பளத்தைக்கூடக் கேட்காமல், "தலை இடிக்குதான்னு பார்ப்போம்" என்று நிலைப்படியில் நிற்க வைத்து, பக்கத்தில் தாங்களும் வந்து தோளோடு தோள் நின்றீர்களே! நன்றாக இருக்கிறது ஐயா உங்கள் காரியம். காதுக்குப் பஞ்சு வாங்கிவிட்டேன். பல்லக்கின் பின்மூலைக்காரருக்கு முட்டி வலியாம். காலியாகக் கிடக்கும் தங்கள் கீழ்வீட்டை வாடகைக்குப் பார்க்க யாராவது வந்தால் என்னிடம் அனுப்பவும். நிலைப்படியில் நானே நிற்க வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.