திண்டுக்கல்லில் எத்தனை சோ. பொன்னழகு?

கணக்கு வாத்தியார் பொன்னழகுக்கு அன்றைக்குச் சனியன் செல்போன் வழியாக வந்தது. கிழமை என்னவோ திங்கள்தான்.

அனுப்பியவன் மைத்துனன் மோகன்குமார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். பேப்பரில் வந்த ஒரு துண்டுச் செய்தியைப் படம் பிடித்து அக்கா மாலதிக்கு அனுப்பியிருந்தான். ஊருக்குள்ளேயே பேகம்பூரில் ஞாயிற்றுக்கிழமை புதுப் பிரியாணிக் கடை திறந்தார்களாம். திறப்பு விழாவில் சாப்பாட்டுப் போட்டி வைத்தார்களாம். அரை மணி நேரத்தில் ஆறு பிளேட் தின்று இரண்டாம் பரிசு வாங்கியவர் திண்டுக்கல் சோ. பொன்னழகு. பரிசுக் கூப்பனைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் ஆதார் நகலோடு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். போட்டோ போடவில்லை. அந்த மட்டுக்கும் கடவுள் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரலாறு உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் பொன்னழகுக்குச் சர்க்கரை கண்டது. அன்றிலிருந்து வீட்டில் கேப்பைக் களியும் பாகற்காயும்தான். மாமனார் சிக்கனக்காரர்தான் என்றாலும், கீரனூரில் கட்டிய புது வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினார். விடியக்காலையில் பொன்னழகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நாலு தடவை பாத்ரூமுக்குள் போய், சும்மா நின்றபடி தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு வெளியே வந்தார். மாலதிக்கு மனசு கேட்கவில்லை. கஞ்சி வைத்து, மோர் கடைந்து மூடிவைத்துவிட்டு, மகள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் பழனி ரோட்டில் திரும்புவதற்குள் பொன்னழகு பேகம்பூரில் இருந்தார்.

இப்போது மாலதி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

பொன்னழகு சிரித்துக்காட்டினார். ஊரில் ஒரே பேரில் ஆயிரம் பேர் இருப்பான், அதற்கெல்லாம் நானா பொறுப்பு என்றார். ஆயிரம் பேரா என்று மாலதி கேட்டாள். கணக்கு வாத்தியாரிடம் எண்ணிக்கையைக் கேட்கக் கூடாது. கேட்டால் பேப்பரும் பேனாவும் வந்துவிடும். வந்துவிட்டன.

அவர் ஓட்டுச்சாவடிப் பட்டியலில் ஆயிரம் பேர். அதில் பொன்னழகு இரண்டு: ஒன்று அவர், இன்னொன்று ரிட்டையரான பஸ் டிரைவர். ஆக ஐந்நூறு பேருக்கு ஒரு பொன்னழகு. திண்டுக்கல்லுக்கு ரெண்டு லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால் நானூறு பொன்னழகு. அப்பன் பேர் சோலைமலை, சோணைமுத்து, சோமு என்று ‘சோ’வில் ஆரம்பிப்பவன் நாற்பதில் ஒருத்தன். நானூறை நாற்பதால் வகுத்து, கீழே இரட்டைக்கோடு போட்டார்.

“பத்துப் பேரு. நான் போக ஒம்பது பொன்னழகு இந்த ஊர்ல அலையுறான். அதுல எவன் தின்னானோ.”

மாலதி பேப்பரை வாங்கிப் பார்த்தாள். இம்புட்டு விவரமாகச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும் என்றாள். களியைத் தட்டில் வைத்தாள். பொன்னழகுக்கு அன்றைக்குக் களிகூட இனித்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு வேலை. அங்கே போய் அதே கணக்கைப் பத்தாம் வகுப்புக்கு நடத்தினார். கணிதம் மனிதனுக்கு எப்படியெல்லாம் கைகொடுக்கும் என்று சொல்லி, அங்கேயும் இரட்டைக்கோடு போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குச் சர்க்கரை போடாத காப்பியோடு காலையில் எழுதிய அதே பேப்பரும் வந்தது. மாலதிக்கு ஒரு சந்தேகமாம். அந்தப் பத்துப் பேரில் பால்குடிப் பிள்ளையும் பல்லுப்போன பெரியவரும் இருப்பார்களே, அவர்களைக் கழிக்க வேண்டாமா என்றாள்.

நியாயமான கேள்வி. நல்ல கேள்வி கேட்கும் மாணவியைப் பார்த்த சந்தோஷம் பொன்னழகுக்கு. பாதியைக் கழித்தார். ஐந்து பேர்.

அரை மணி நேரத்தில் ஆறு பிளேட் தின்கிற வயிறு எத்தனை பேருக்கு இருக்கும் என்று கேட்டாள். ஐம்பதில் ஒருத்தனுக்கு இருந்தால் பெரிது என்று பொன்னழகு சொன்னார். சொல்லும்போது நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. ஐந்தை ஐம்பதால் வகுத்தால் பத்தில் ஒன்று.

“ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தமுங்க. கல்யாணம், காதுகுத்து, பால் காய்ச்சுன்னு ஊரே கெளம்பிப் போயிருச்சு. எங்கயும் போகாம ஊர்லயே கெடந்தவன் எத்தனை பேருங்க இருப்பான்?”

பத்தில் ஒருத்தன் என்றார். மாலதியே பேனாவை வாங்கிப் பெருக்கினாள், அதில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. பொன்னழகால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பேனாவைப் பிடுங்கித் திருத்தினார். நூற்றில் ஒன்று.

“நூத்துல ஒரு பங்கு ஆளுன்னா, ஒரு விரல் இருக்குமாங்க?”

அப்படி இல்லை, தற்செயலாக இத்தனையும் பொருந்திவரும் ஆள் இந்த ஊரில் இருக்கவே மாட்டான் என்று அர்த்தம் என்று பொன்னழகு விளக்கினார். இந்த மாதிரி ஊர் நூறு இருந்தால் அதில் ஒருத்தன் கிடைக்கலாம்.

“அப்ப அந்த ஒம்பது பேருல எவனும் இல்லீங்க.”

“இல்லை.”

“ஆனா ஒருத்தன் தின்னிருக்கான்.”

பொன்னழகு பேப்பரைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து சரிபார்த்தார். முப்பது வருஷ சர்வீஸில் இத்தனை சுத்தமாக அவர் ஒரு கணக்கைப் போட்டதில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“மட்டன் கொஞ்சம் வேகலை மாலதி,” என்றார் கடைசியில்.

அவள் கத்தவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கவரை எடுத்துவந்தாள். மத்தியானமே அவருடைய ஆதார் நகலோடு பேகம்பூர் போய்விட்டு வந்திருந்தாள். கடைக்காரர் ரஹ்மத்துல்லா மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, போட்டியில் எடுத்த போட்டோவைக் காட்டியிருக்கிறார். அதில் வாய் மட்டும்தான் தெரிந்ததாம். அடையாளத்துக்கு அது போதும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் தெரிந்துகொண்டே எதற்கு இவ்வளவு கணக்கு என்று பொன்னழகு பரிதாபமாகக் கேட்டார். அவர் வாயால் வரட்டும் என்றுதானாம். பால் காய்ச்சுக்கு வராததற்குத் தன் அப்பாவிடம் போனில் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்டார். மாமனாரோ, மாப்பிள்ளைக்கு இப்போது வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அதுதான் பிரியாணியைவிடக் கனமாக உள்ளே இறங்கியது.

போனை வைத்த பிறகு பொன்னழகு கவரை ஓரக்கண்ணால் பார்த்தார். இருபது கூப்பன். இருபது ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு மட்டன் பிரியாணி இலவசம். ஒவ்வொன்றிலும் நீலமையில் சோ. பொன்னழகு என்று எழுதியிருந்தது. கூப்பனில் பேர் இருக்கிறவர் நேரில் வந்தால்தான் பிரியாணி என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பொடி எழுத்து அவருக்கு ரொம்பப் பிடித்தது. மாதம் ஒருமுறை போனால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, பரிசை வீணாக்குவது பாவம், ரூல்படி நான்தானே போயாக வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

“போட்டி நடத்துன பையங்க எல்லாரும் அன்னைக்கு மட்டும் வந்தவங்களாமுங்க. கல்லாவுல பேரைக் கேட்டுட்டுக் குடுப்பாங்களாம், மூஞ்சியைப் பாக்க மாட்டாங்களாம்,” என்று சொல்லிக்கொண்டே மாலதி கவரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “தம்பிகிட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை மோகன்குமார்தான் பொன்னழகு.”